ஊதா முட்டை

மார்ச் 4

அன்புள்ள பிரஷ்ஷுக்கு,

நலம், நலமறிய ஆவல்னு நிதானமா எழுத இப்ப எனக்குப் பொறுமை இல்லடா. பார்சல் வந்துடுச்சு! உன் பழைய சட்டையில சுத்தி அனுப்பியிருக்கியே, பெயின்ட் வாசனை இன்னும் போகல.

பிரிச்சுப் பார்த்ததும் ஜன்னல் வெளிச்சத்துக்கு ஓடினேன். ஊதான்னா அப்படியொரு ஊதா! கரண்ட் கம்பம் சாயாம இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பியில, கரண்ட் இறங்காம இருக்க நடுவுல கோத்திருக்கிற இந்தக் கண்ணாடி முட்டைகளை நாம ரெண்டு பேரும் எத்தனை வருஷமா சேர்க்கிறோம். பச்சை பார்த்திருக்கோம், வெள்ளை பார்த்திருக்கோம். பழைய கண்ணாடி வெயில்ல நின்னு நின்னு லேசா ஊதா ஏறினதையும் பார்த்திருக்கோம். இவ்வளவு அடர்த்தியா நான் கண்டதே இல்ல. வீட்டுக்காரி எட்டிப் பார்த்துட்டு, "இதையாவது அடைகாத்து ஒரு குஞ்சு பொரிச்சுக் காட்டுங்க"ன்னு சொல்லிட்டுப் போறா.

பேசினபடி இதுக்குப் பதிலா என் நீல முட்டையை இன்னிக்கே உனக்கு அனுப்பிட்டேன். மனசே இல்லாமத்தான். எங்க அண்ணன் லைன்மேனா இருந்தப்போ, ஐஸ் ஃபாக்டரி கம்பத்தை மாத்துற அன்னிக்குத் தன் கையால அவிழ்த்து எனக்குக் கொடுத்தது அது. அவன் தவறிப் போனப்புறம் அதைக் கையில எடுத்தா அவன் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். நீ கெஞ்சின கெஞ்சுக்குத்தான் கொடுத்தேன். வேற எவனாவது கேட்டிருந்தா வாசல்லயே நிறுத்தியிருப்பேன். உன்கிட்ட இருந்தா என்ன, என்கிட்ட இருந்தா என்ன.

ஒரே ஒரு குறை. "செங்கல் சூளைப் பக்கம் சாய்ஞ்ச கம்பத்துல கிடைச்சது"ன்னு ஒத்த வரியில முடிச்சுட்டியே, கஞ்சப்பயலே! விவரமா எழுது. அடுத்த மாசம் எங்க ஊர் சேகரிப்பாளர் சங்கத்துக் கண்காட்சியில இதைத்தான் நடு மேஜையில வைக்கப் போறேன். "நிறம் நிஜம்தானா, யார் பொறுப்பு?"ன்னு தலைவர் கேட்டார். நான்தான் பொறுப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்.

உன்,
பல்லு


மார்ச் 15

அன்புள்ள பல்லுக்கு,

நீலம் ஒரு கீறல் இல்லாம வந்து சேர்ந்துச்சு. ஜன்னல்ல வெச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கேன். நீ மனுஷனே இல்லடா, தெய்வம்.

உன் பல் செட் வேலையெல்லாம் எப்படிப் போகுது? என் பிழைப்பைக் கேட்காதே. கடைக்காரங்க எல்லாரும் ஃபிளெக்ஸ் அடிக்கப் போயிட்டாங்க. வந்த ஒரு சலூன் போர்டுலயும் 'முடி வெட்டப்படும்'ங்கிறதை 'மூடி வெட்டப்படும்'னு எழுதிட்டேன். சலூன்காரர் கத்தியோட கிளம்பி வந்துட்டார்.

கண்காட்சியெல்லாம் எதுக்குடா? கண்டவனும் எடுத்துத் தடவிப் பார்ப்பான். கண்ணு பட்டுடும். பேசாம அலமாரியில வை. நீயும் நானும் பார்த்தாப் போதாதா? எங்க கிடைச்சதுன்னு திரும்பத் திரும்பக் கேட்கிற. சூளைதான், கம்பம்தான், சாய்ஞ்சதுதான். இதுக்கு மேல என்ன கதை வேணும் உனக்கு?

வீட்ல எல்லாரையும் விசாரிச்சதாச் சொல்லு.

உன்,
பிரஷ்


ஏப்ரல் 20

டேய் பிரஷ்,

கண்காட்சி முடிஞ்சுது. என் மானமும் முடிஞ்சுது.

எக்ஸ்ரே எடுக்கிற வேலையில இருக்கிற ஒரு அம்மா வந்திருந்தாங்க. அவங்களும் நம்மள மாதிரி முட்டை சேர்க்கிறவங்கதான். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டு, "இது வெயில் கொடுத்த நிறம் மாதிரி தெரியலைங்க. ஊசி மருந்துச் சாமானைச் சுத்தம் பண்ணக் கதிர் பாய்ச்சுவாங்களே, அதுக்குள்ள வெச்சு எடுத்தா இப்படித்தான் அடர்த்தியா ஏறும்"னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க. எனக்கு வந்ததே கோபம்! "என் கூட்டாளி கொடுத்தது இது. அவன் போர்டுல தப்பா எழுதுவான், என்கிட்ட தப்பா நடக்க மாட்டான்"னு கத்தினேன். அத்தனை பேர் நடுவுல அந்தம்மாவுக்கு முகம் செத்துப் போச்சு.

அவங்க சொன்னது பொய்னு நிரூபிக்கத்தான், வீட்டுக்கு வந்ததும் பல் இழைக்கிற லென்ஸை மாட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். கம்பி கோக்கிற ஓட்டை ஓரத்துல ஒரு இடம் வழவழன்னு இருந்துச்சு. விரல் வெச்சதும் தெரிஞ்சு போச்சு. அது என் கை வேலைடா.

உனக்கு வேலை போய் வீட்டுக்குள்ளயே முடங்கிக் கிடந்தப்போ, மனசு மாறட்டும்னு ஒரு வெள்ளை முட்டை கொடுத்தேனே, ஞாபகம் இருக்கா? உன் முதல் முட்டை. அது ஓரம் சில்லு பேர்ந்து கூரா இருந்துச்சு. எழுதுற கை, கிழிஞ்சிடக் கூடாதேன்னு, பல்லுக்குப் பாலிஷ் போடற மெஷின்ல நான்தான் அதை மழுக்கிக் கொடுத்தேன். எந்தச் சூளைக் கம்பத்துல தொங்கின முட்டைக்குடா பல் பாலிஷ் போட்டிருக்கான்?

நான் பிரியமா கொடுத்ததுக்கே நிறம் ஏத்தி என் தலையிலயே கட்டிட்டு, எங்க அண்ணன் கொடுத்ததை வாங்கிட்டுப் போயிட்டியே, பாவி. வயிறு எரியுதுடா. வேற யார் செஞ்சிருந்தாலும் ரெண்டு வார்த்தை திட்டிட்டு விட்டிருப்பேன்.

நீலத்தைத் திருப்பி அனுப்பு. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்.

பல்லு


மே 2

அன்புள்ள பல்லுக்கு,

கோபத்துல எழுதியிருக்க. எழுது, உனக்கு உரிமை இருக்கு.

என் மச்சான் பையன் அந்தக் கதிர் பாய்ச்சுற கம்பெனியிலதான் இருக்கான். சும்மா விளையாட்டுக்குத்தான் அந்த வெள்ளையைக் கொடுத்துவிட்டேன். அது இப்படி ஊதாவா வந்து நிக்கும்னு யாருக்குத் தெரியும்? பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்துச்சு. ஊதா ஊதான்னு எத்தனை வருஷமா ஏங்கிக்கிட்டிருந்த! உன் ஆசை தீரட்டும்னு நினைச்சேன். என்கிட்ட நீலம் இல்ல, உன்கிட்ட ஊதா இல்ல, ரெண்டு பேருக்கும் சந்தோஷம். யோசிச்சுப் பாரு, கண்ணாடி அதே பழைய கண்ணாடிதானே? நிறத்துல என்ன இருக்கு?

நீ கண்டுபிடிப்பேன்னு நினைக்கல. அதுதான் என் முட்டாள்தனம்.

நீலம் இப்ப என் கையில இல்லடா. போன மாசம் ஒரு ஆள் பெட்டி நிறையப் பச்சையும் பீங்கானும் கொண்டுவந்து இறக்கினான். மாத்திக்கிட்டேன். அந்த ஆள் ஊரை விட்டே போயிட்டானாம். உனக்கு எது வேணும்னு சொல்லு, பெட்டியிலேர்ந்து பாதியைத் தர்றேன். ஒரு முட்டைக்காக நம்ம சிநேகத்தை உடைச்சுக்காதே. சின்ன வயசுலேர்ந்து பழகினவங்க நாம. கோபம் ஆறினதும் ஒரு வரி எழுது.

என்றும் உன்,
பிரஷ்


மே 20

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது.

நீங்கள் அனுப்பிய ஊதாக் கண்ணாடியை, நான் பீங்கான் பல் சுடும் உலையில் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்றி, மெல்ல ஆறவிட்டேன். நிறம் முழுவதும் போய்விட்டது. அதை எடுத்துக்கொண்டு சங்கத்தின் கூட்டத்துக்குப் போய், எல்லார் முன்னிலையிலும் அந்த அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாக, "கூட்டாளியை விட்டுக்கொடுக்காமல் பேசினீர்கள், அதில் என்ன தவறு?" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அந்த வெள்ளைக் கண்ணாடியை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது உங்களுக்கு நான் கொடுத்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை. உங்கள் பெட்டியிலிருந்து எனக்கு எதுவும் வேண்டாம்.

நேற்று அண்ணி வந்திருந்தார். அலமாரியைப் பார்த்துவிட்டு, "அவர் கொடுத்த நீலம் எங்கே தம்பி?" என்று கேட்டார். ஓர் ஆளை நம்பிக் கொடுத்து ஏமாந்துவிட்டேன் என்றேன். "அடடா, கொடுக்குறதுக்கு முன்னாடி உங்க கூட்டாளியை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அவர் உங்களை ஏமாற விட்டிருக்க மாட்டாரே" என்றார்.

அவர் இப்போது இல்லை அண்ணி என்றேன்.

அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எப்போ தம்பி? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே" என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவரைத் திருத்தவில்லை.

இப்படிக்கு,
பல் செட் செய்பவர்