செல்வராணியின் மகள் என் வகுப்பில்

ஜூன் முதல் திங்கள், இரவு

இன்று பள்ளி திறந்தது. இந்த வருடம் நான் பாடம் எடுப்பது ஏழாம் வகுப்புக்கு. சின்ன வயதில் நான் படித்த அதே அறை. வாசலில் பலூன் கட்டிக்கொண்டிருந்தபோது, உடும்பஞ்சோலைப் பள்ளியிலிருந்து மாறி வந்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வந்தாள். பார்த்தால் செல்வராணி! ஏழாம் வகுப்பு முடியும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்தவள். அதன் பிறகு ஏலக்காட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

"டீச்சர், இவ மெதுவாத்தான் பேசுவா. முன்னாடி உக்கார வையுங்க."

"ஏட்டி ராணி, என்னைத் தெரியலையா?"

"தெரியாம என்ன டீச்சர்."

சிரித்தாள். ஆனாலும் டீச்சர்தான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மகள் உள்ளே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ முன்னால உன்னைய ஏட்டின்னு கூப்பிட்டா, உன் சொல்லுக்கு அடங்குவாளா? அவ எட்டாங்கிளாஸுக்குப் போகணும்டி. அதுவரைக்கும் நீ எனக்கும் டீச்சராவே இரு."

தலையாட்டினேன்.

நாங்கள் ஏழாம் வகுப்பு முடித்த வருடம், எட்டாம் வகுப்பு புதுப் பள்ளியில். ராணி வருவாள் என்று பக்கத்தில் என் பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். யார் கேட்டும் கொடுக்கவில்லை. மூன்று நாள் அப்படியே இருந்தேன். இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இன்று சொல்ல வாயெடுத்தேன். மணி அடித்துவிட்டது. அவளும் ஏலக்காட்டு ஜீப்பைப் பிடிக்க ஓடிவிட்டாள்.