அரளி நின்ற வீடு

ஜூன் 3

அன்புள்ள தையல்காரிக்கு,

கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை எப்போதும்போல ஓடுகிறது. போனை எடுத்தால் நீ அழுகிறாய். உன் அழுகையைக் கேட்டால் எனக்கும் பேச்சு வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் தங்கை வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், முற்றத்தில் ஒரு புல்கூட மிச்சமில்லையாமே. மஞ்சளரளியை வெட்டினாய், சரி. போன வருஷம் நம் பெரியவளைக் கொன்ற மரம் அது. நான் அங்கே இருந்திருந்தால் வேரோடு கொளுத்தியிருப்பேன். ஆனால் மல்லிகை உன்னை என்ன செய்தது? எலுமிச்சை என்ன செய்தது? சின்னவனுக்கு நாலு வயதாகிறது. கொஞ்சம் மண்ணில் விளையாடட்டும். என் கண்ணல்லவா, விடு.

அவனுக்கு என் முத்தம்.
உன் வெல்டர்

ஜூன் 15

சின்னவனின் அப்பாவுக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

மல்லிகை ஒன்றும் செய்யவில்லைதான். பச்சையாக எது அசைந்தாலும் அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். அன்று நான் ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தேன். வேலியோரம் அவள் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தாள். "அம்மா, கொழம்பு ரெடி, சாப்பிட வா" என்று கூப்பிட்டாள். "நீ சாப்பிடுடி தங்கம், அம்மாவுக்கு வேலை இருக்கு" என்றேன். அரளிக்காயை உடைத்து, உள்ளே இருந்த பருப்பைத்தான் குழம்பு என்று வைத்திருந்திருக்கிறாள்.

அரளி விஷம் என்று நம் இருவருக்கும் தெரியும். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே தெரியும். அவளிடம் சொல்லவேண்டும் என்று மட்டும் ஏன் தோன்றாமல் போனது?

எதையும் வாயில் வைக்காதே, செத்துப்போவாய் என்று இவனிடம் தினமும் சொல்கிறேன். பள்ளியில் சேர்க்கச் சொல்லி இனிப் போனில் என்னை வற்புறுத்தாதீர்கள். அந்த வாசலில் செவ்வரளி பூத்துக் குலுங்குகிறது.

உங்கள் மனைவி

ஜூலை 2

அன்புள்ளவளே,

தலைமை ஆசிரியையிடம் போனில் பேசினேன். செவ்வரளியை அடியோடு எடுத்துவிட்டார்கள். "எல்லாப் பிள்ளைங்களுக்கும்தானே ஆபத்து, சொன்னதுக்கு நன்றிங்க" என்றார். இனி என்ன தடை?

தங்கை மறுபடி வந்தாளாம். நீ தைக்கும்போது அவனைத் துப்பட்டாவால் மெஷின் காலில் கட்டிவைக்கிறாயாம். அவள் ஒரு பிஸ்கட்டை நீட்டியிருக்கிறாள். "அத்தை, இதத் தின்னா செத்துப்போயிடுவேனா?" என்று கேட்டானாம். வெல்டிங் முகமூடியைக் கழற்றாமலே அழுதேன். யாருக்கும் தெரியவில்லை.

கொஞ்ச நாள் அவன் தங்கை வீட்டில் இருக்கட்டும். கோபித்துக்கொள்ளாதே. உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. விடுப்பு கேட்டிருக்கிறேன். வந்ததும் மூன்று பேரும் வேறு எங்காவது வீடு பார்ப்போம்.

உன் வெல்டர்

ஜூலை 20

சின்னவனின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்க நீங்கள் யார் என்று கேட்டு எழுத உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து அவன் பசிக்கிறது என்றான். பாலை ஆற்றிக் கொடுத்தேன், வாங்கவில்லை. "நீ மொதல்ல குடிம்மா" என்றான். ஒரு வாய் குடித்துக் காட்டினேன். நான் சாகிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பால் ஆறி ஆடை கட்டிவிட்டது. அதற்குப் பிறகும் அவன் தொடவில்லை.

பயப்படக் கற்றுக்கொடுத்தேன். என்னிடமிருந்தே ஆரம்பித்துவிட்டான்.

இன்று காலை உங்கள் தங்கையை நானே வரச்சொல்லி, அவனை அவளோடு அனுப்பிவைத்தேன். போகும்போது அவன் அழவில்லை. தெருமுனையில் அவள் ஏதோ பழம் உரித்துக் கொடுத்தாள். எதுவும் கேட்காமல் வாயில் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்தபடி நடந்தான். ஜன்னலில் நின்று பார்த்தேன். சந்தோஷமா, வயிற்றெரிச்சலா, எனக்கே தெரியவில்லை.

விடுப்பில் வந்தால் நேராக அங்கே போங்கள். இங்கே வரவேண்டாம். வேறு வீடெல்லாம் எனக்கு எதற்கு? எங்கே குடிபோனாலும் நானும்தானே வருவேன். அவன் என்னைக் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள். கேட்காவிட்டால் ஞாபகப்படுத்தவேண்டாம்.

வாசல் கதவைத் திறந்தே போட்டிருக்கிறேன். வெளியே ஓடிவிட இனி இங்கே யாருமில்லை.

இப்படிக்கு,
பெரியவளின் அம்மா