மதுரையை விடப் பக்கம்

கூடலூர்,
2-4-1979

அன்புத் தம்பி செல்லப்பாண்டிக்கு அக்கா எழுதுவது. நானும் உன் மச்சானும் மகள் பேச்சியும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பேச்சிக்கு வயது ஐந்து. ஒன்றில் குத்தியிருக்க வேண்டிய காது. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படி என்று மூன்றுக்குத் தள்ளினேன். மூன்றும் போயிற்று. மற்றப் பிள்ளைகள் கம்மல் போட்டுத் திரிய, இவள் மூளிக்காதோடு நிற்கிறாள். "உன் தம்பி வாரதுக்குள்ள இவ சமைஞ்சுருவா போலருக்கே" என்று உன் மச்சான் கேலி பேசுகிறார்.

ஏலே, துபாயிலிருந்து பம்பாய்க்கு விமானத்தில் மூன்று மணி நேரம்தான் என்று எழுதினாயே. இங்கிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போகவே நாலு மணி நேரம். அப்படியானால் நீ மதுரையை விடப் பக்கத்தில்தானே இருக்கிறாய்? வர என்ன கேடு? ஜூன் 3, ஞாயிறு, குலசாமி கோயிலில் வைத்தாயிற்று.

உன் முகம் பார்த்து ஆறு வருஷமாச்சு, தம்பி.

அக்கா சோணையம்மாள்

துபாய்,
25-4-1979

அன்பு அக்காவுக்கு,

லீவு கிடைத்துவிட்டது! மானேஜர் சுவரில் இருந்த மேப்பில் ஸ்கேலை வைத்து அளந்தார். "ஆயிரத்து இருநூறு மைல். மூன்று மணி நேரம். நாலு நாள் தாராளம்" என்றார். அவருக்கு இந்தியா என்றால் பம்பாய்தான். கூடலூர் எங்கே இருக்கிறது என்று விளக்கப்போனால் அந்த நாலு நாளும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 1, வெள்ளிக்கிழமை பம்பாய். அங்கிருந்து மெட்ராஸுக்கு விமானம். பிறகு பஸ். சனிக்கிழமை ராத்திரி உன் கையால் சோறு. பிள்ளைக்குக் கம்மல் வாங்கிவிட்டேன்.

தம்பி செல்லப்பாண்டி

பம்பாய்,
1-6-1979

அக்கா,

மூன்று மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். ஆனால் மெட்ராஸ் விமானத்தில் செவ்வாய்வரை இடமில்லையாம். அழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தேன். ரயிலில் வந்தால் திங்கட்கிழமைதான் கூடலூர். அன்றைக்கு ராத்திரி நான் துபாயில் நிற்காவிட்டால் வேலை போய்விடும்.

மெட்ராஸ் ரயில் புறப்படுகிறவரை அதன் பக்கத்திலேயே நின்றேன். ஏறவில்லை. நம் நாட்டு மண்ணில் நின்றுகொண்டு உன்னைப் பார்க்காமல் திரும்புகிறேன்.

தந்தி லைன் கெட்டுக் கிடக்கிறதாம், இந்தக் கடிதமாவது ஞாயிறுக்குள் வந்து சேரட்டும். நான் இல்லாமல் காது குத்திவிடாதே, அக்கா. இன்னும் ஒரே வருஷம் பொறு. அவளுக்கு நான் மாமன் என்று தெரிய அந்த ஒரு மடிதானே எனக்கு இருக்கிறது.

செல்லப்பாண்டி

கூடலூர்,
9-6-1979

அன்புத் தம்பிக்கு,

உன் பம்பாய்க் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அதற்குள் காது குத்தி நாலு நாளாகிவிட்டது.

ஞாயிறு விடிந்ததிலிருந்து மதுரை பஸ் ஒவ்வொன்றுக்கும் உன் மச்சானை ஸ்டாண்டில் நிறுத்திவைத்தேன். கெடா வெட்டியாயிற்று, பந்தி காத்திருக்கிறது. "ஆத்தா, மாமன் வருவாகளா மாட்டாகளா? நல்ல நேரம் போகுது" என்று ஆசாரி மூன்று தடவை கேட்டுவிட்டார். நம் பெரியப்பா மகன் பொன்னுராஜ் போடியிலிருந்து வந்திருந்தான். அவனும் மாமன் முறைதானே? உட்கார வைத்துவிட்டேன்.

மடியில் ஏறினதும் பேச்சி அவன் முகத்தையே பார்த்தாள். "அம்மா, துபாய் மாமா இவுகதானா?" என்று கேட்டாள். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். பிள்ளை திமிறிவிடுவாளோ என்ற பயத்தில், "ஆமாத்தா" என்று சொல்லிவிட்டேன். அவள் அழவே இல்லை. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"துபாய் மாமா மறுபடி எப்ப வருவாக?" என்று தினமும் கேட்கிறாள். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுக்கிறேன், அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வரமாட்டேன் என்கிறது. நீ வந்து நிற்கும்போது உன்னை யாரென்று அவளிடம் சொல்வேன், தம்பி?

அக்கா