இரண்டு பேரிடமிருந்தும்

2012 மார்ச் 6, குளச்சல்

இன்றும் என் பெண்டாட்டி லீமாவை அடித்தேன். மீன் பெட்டி மூடியால், முதுகில். மூன்று மாதப் பிள்ளை அஜினுக்கு மறுபடி காய்ச்சல், வாயெல்லாம் வெள்ளைப் புண். அவன் அண்ணன் சிஜினும் இப்படித்தான் ஐந்தாம் மாதத்தில் போனான். ஆறு வயது அபினாவுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

"ரெண்டு ஆம்பளப் பிள்ளையளையும் உனக்க வீட்டு ரத்தம் தின்னுது" என்றேன். அவள் அழவில்லை. அதில்தான் எனக்கு இன்னும் வெறி ஏறியது.

மார்ச் 9

துறைமுகத்தில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன். லீமாவின் அண்ணன் ரெனிஷ் வந்தான். ஐஸ் உடைக்கும் கட்டையால் வாயில் ஒரே அடி. பல் ஒன்று மீன் கூடையில் விழுந்தது. நானும் விடவில்லை, அவன் காதைக் கடித்தேன்.

"ஏலே, இனி அவ மேல கை வச்சா வெட்டிக் கடல்ல போடுவேன்."

சாயங்காலமே அவளையும் பிள்ளைகளையும் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டான்.

மார்ச் 20, சென்னை

என்னையும் வரச் சொல்லி ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா சொன்னார்: "மஜ்ஜையில பிறக்கிற செல்லுல ஒரு ஜீன் அடுத்த ஜீனை எழுப்பணும், அது இன்னொண்ணை எழுப்பணும். அப்பத்தான் அது கிருமியோட சண்டை போடுற செல்லா வளரும். இவனுக்கு நடுவுல ஒரு ஜீன் வேலை செய்யல. வளர்ச்சி அங்கேயே நின்னுடுது."

நான் லீமாவையே முறைத்துக்கொண்டிருந்தேன். கேட்டாயா, என்று.

ஏப்ரல் 11

ரிப்போர்ட்டை என்னிடம் கொடுத்தார்கள். அந்த ஜீன் தகப்பன், தாய் இரண்டு பேரிடமிருந்தும் கெட்டு வந்தால்தான் இந்த நோயாம். பாதி என்னுடையது. கட்டியது தாய்மாமன் மகளை. அவள் வீட்டு ரத்தம் என்றால் அது என் அம்மையின் ரத்தமும்தானே? இது தெரிய டாக்டர் வேண்டுமா எனக்கு?

கழிப்பறைச் சுவரில் ஓங்கிக் குத்தினேன். சுண்டுவிரல் ஒடிந்தது. ரிப்போர்ட்டைச் சட்டைக்குள் ஒளித்துவிட்டேன்.

ஏப்ரல் 13

அபினாவின் மஜ்ஜை தம்பிக்குப் பொருந்துகிறது என்று சொல்ல லீமா வந்தாள். அந்த முகத்தைப் பார்த்து மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவள் ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை.

"எனக்க ரத்தம் மட்டும்ணு அதுல எழுதியிருந்தா, அடிச்சது சரியாயிருக்குமா அத்தான்?"

 

ஆகஸ்ட் 2, குளச்சல்

அபினா கொடுத்த மஜ்ஜை தம்பிக்குப் பிடித்துவிட்டது. அஜினின் ரத்தத்தில் சண்டை போடும் செல்கள் வந்துவிட்டனவாம். போனில் லீமாதான் சொன்னாள். ஏலக்கூடத்தில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து அழுதேன். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"இருவதாம் தேதி. முட்டத்துக்கு, எங்க அம்மை வீட்டுக்கு."

ஆகஸ்ட் 18

லீமாவின் சாமான் எடுக்க ரெனிஷ் டெம்போ கொண்டு வருகிறான். தொட்டிலைக் கழற்றி, கயிறு போட்டுக் கட்டி, வாசலில் வைத்தேன்.