பஞ்சாலை அத்தை வீட்டுச் சுவர்

சீர்திருத்தப் பள்ளி
3 மார்ச் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி? போன மாதம் என்னைப் பார்க்க வரவில்லையே, கோபமா?

இங்கே ஓவிய வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். சாப்பாட்டுக்கூடச் சுவரில் ஓர் ஆறு வரைந்தோம். கரையில் படுத்திருக்கும் உடும்பு என்னுடையது. எல்லாரும் நின்று பார்க்கிறார்கள்.

பஞ்சாலை அத்தை வீட்டுச் சுவரில் எங்கள் கும்பலின் அடையாள எண்ணை ஸ்ப்ரேயால் எழுதியபோது எனக்கு அது வெறும் விளையாட்டு. அதைப் பார்த்து, எங்கள் ஆள் வீடென்று நினைத்து, எதிர்க் கும்பல் அத்தை மகன் கணேசமூர்த்தி அண்ணனை வெட்டிக் கொல்லும் என்று நான் நினைக்கவே இல்லை அம்மா.

வெளியே வந்ததும் அந்தச் சுவரில் அண்ணன் முகத்தை வரையட்டுமா? அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
தேவன்


லாபு தோட்டம்
20 மார்ச் 2024

என் கண்ணு தேவா,

கோபமில்லையடா. உன்னைப் பார்க்கப் புறப்பட்டால் பஞ்சாலை வீட்டு வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். "எங்க விமலா, மகனப் பாக்கவா?" என்று கேட்டுவிட்டால்? அவளுக்குப் போய்ப் பார்க்க மகன் இல்லையே.

சுவரைப் பற்றிக் கேட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "சுவத்துல வரைஞ்சாதான் எனக்கு அவன் மூஞ்சி ஞாபகம் இருக்குமா? வேணாம்லா," என்றாள்.

தோட்ட மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள். உன் நினைப்பு வந்தது. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா


சீர்திருத்தப் பள்ளி
7 ஏப்ரல் 2024

அன்புள்ள அம்மா,

அடுத்த மாதம் விடுகிறார்கள். அந்த வகுப்பை நான் எடுக்கட்டுமா? நம் பையன்கள் ஸ்ப்ரே டின்னோடு அலைவதற்குள் அவர்கள் கையில் தூரிகையைக் கொடுத்துவிட வேண்டும். அத்தை சம்மதித்தால் மட்டும்.

தேவன்


லாபு தோட்டம்
25 ஏப்ரல் 2024

தேவா,

பஞ்சாலை சம்மதித்துவிட்டாள்.

"பிள்ளைங்க கத்துக்கட்டும் விமலா. அவன் வர்ற நாள மட்டும் முன்னாடியே சொல்லிடு. நான் சிரம்பானுக்குப் போயிடுறேன்."

மகனைப் பறிகொடுத்தவள் தன் வீட்டையும் விட்டு ஏனப்பா ஓட வேண்டும்? நீ வரமாட்டாய் என்று நானே சொல்லிவிட்டேன்.

நேரே தெமியாங்கில் சித்தி வீட்டுக்குப் போ. அங்கும் சுவர் சுவராகக் கிறுக்கித் திரியும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடு. ஞாயிறுதோறும் நான் வருவேன். லாபு பக்கம் மட்டும் வந்துவிடாதே, கண்ணு.

உன் துணிமணிகளைச் சித்தியிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். கட்டிலையும் கேட்டாள். கொடுக்க மனம் வரவில்லை.

அம்மா