முந்நூற்றுப் பன்னிரண்டு முறை கழுகு

தம்பிக்கு,

எட்டு மாதமாக உன்னோடு பேசாதவள் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துவிடாதே.

நாம் இருவரும் உருவாக்கிய கேமில் நான் கழுகைச் சேர்த்த அன்று நீ கோபித்துக்கொண்டு போனாய். நீ அமைத்த குகைக் கட்டத்தின் பள்ளத்தைத் தாண்ட முடியாதவர்களை அது தூக்கி அக்கரையில் விடட்டும், சும்மா விளையாட வருபவர்களும் முடிவுவரை போகட்டும் என்றேன். "கழுகு கேக்கறவனுக்கு நம்ம கேம் எதுக்கு? உப்புச்சப்பில்லாம ஆக்கிட்டே" என்றாய்.

கழுகை அதிகம் அழைப்பவர் யாரென்று இன்று கேமின் பதிவுகளைப் பார்த்தேன். ஒரே ஆள், முந்நூற்றுப் பன்னிரண்டு முறை. கேமின் பிரதி எண் ஒன்று. அது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

 பள்ளத்தில் நீ தாவிய ஒவ்வொரு முறையையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் சரியான பொத்தானைத்தான் அழுத்தியிருக்கிறாய், ஆனால் அரை நொடி தாமதமாக.

கடைசியாக வந்தபோது, நான் நீட்டிய டீயைக் கையில் வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னாய். திமிர் என்று நினைத்தேனே, பாவி.

உன் கையைப் பார்த்து டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கமாட்டேன். தாவுவதற்கான நேரத்தை எல்லோருக்கும் அரை நொடி கூட்டிவிட்டேன். கழுகில்லாமல் தாண்டிப் பார். குகையைக் கெடுத்துவிட்டேன் என்று தோன்றினால், போன் போட்டுத் திட்டு.

உன் அக்கா