சிவப்புப் புள்ளி

மார்ச் 4

மூன்று விரலில் பிளாஸ்திரி. குளிர்பான டின்னைப் பிரித்துத் தட்டையாக்கி, அந்தத் தகட்டில் ஒரு மரத்தை பிளேடால் வெட்டி முடித்தேன். அட்டையில் வெட்டிய பழைய மரம் போன வாரம் விளக்குச் சூட்டில் கருகிவிட்டது. தகடு கருகாது. பிஸ்கட் டின்னுக்குள் விளக்கு, அதன் வாயில் தகடு, தகட்டுக்கு முன்னால் பழைய புரொஜெக்டரிலிருந்து கழற்றிய லென்ஸ். ஸ்விட்சைப் போட்டதும் ஸ்டூடியோவின் வெற்றுச் சுவர் முழுக்க மரம். படத்துக்கு உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் திரும்பிப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டாள்.

அண்ணன் படம் எடுத்தான். வெளிச்சம் என் வேலை, கேமரா அவன் வேலை. அப்பா போனதிலிருந்து பதினோரு வருஷமாக இப்படித்தான்.

மார்ச் 5

தகட்டின் ஓரத்தில் நெயில் பாலீஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். லென்ஸ் எதையும் கவிழ்த்துத்தான் காட்டும். மரத்தைத் தலைகீழாகச் சொருகினால்தான் சுவரில் நேராக நிற்கும். இதையெல்லாம் விளக்கினால் அண்ணனுக்குக் கொட்டாவி வரும். புள்ளி மேலே இருக்கணும், அவ்வளவுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மரம் எப்படி இருக்கிறது என்று அவன் பார்ப்பதுகூட இல்லை.

ஏப்ரல் 17

புகைப்படக்காரர் சங்கத்தின் பத்திரிகை வந்தது. நடுப்பக்கத்தில் அந்தக் கல்யாணப் பெண், பின்னால் என் மரம். பக்கத்திலேயே அண்ணனின் பேட்டி. ராப்பகலாக யோசித்துக் கண்டுபிடித்தானாம். தகடு வெட்டும்போது மூன்று விரல் கிழிந்ததாம். யார் விரல்டா? கடைசி வரியில் நான் வருகிறேன்: “தங்கச்சியும் கூடமாட ஒத்தாசையா இருப்பா.”

கூடமாட ஒத்தாசை! அடப்பாவி. என் விரல்ல வந்த ரத்தத்தைக்கூட விட்டுவைக்கலையே இவன்.

ஏப்ரல் 18

அண்ணி அந்தப் பக்கத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஸ்டூடியோ வாசலில் நுழைந்ததும் தெரிகிற மாதிரி மாட்டிவிட்டாள். காலையில் கண்ணாடியைத் துடைத்தது நான்தான்.

ஏப்ரல் 20

கேட்டேவிட்டேன். “ஸ்டூடியோவுக்குப் பேர் வந்தா உனக்கும் பெருமைதானே” என்றான். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அடுத்த மாதம் சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்களாம். டின், தகடு எல்லாவற்றையும் தயாராக வைக்கச் சொன்னான்.

“வைக்கிறேன்ணா” என்றேன். நான் இவ்வளவு பணிவாகப் பேசி அவன் கேட்டதே இல்லை. சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை.

மே 10

லென்ஸைத் துடைத்தேன். டின்னைத் துடைத்தேன். தகட்டைக் கொஞ்சம் கூடுதலாகவே துடைத்தேன் — பஞ்சில் நெயில் பாலீஷ் ரிமூவரைத் தொட்டு இரண்டு இழுப்பு. புள்ளி போயே போச்சு.

பாவமா? எனக்கென்ன பாவம்? கண்டுபிடித்தவன் அவன். அவனுக்குத் தெரியாததா?

மே 11

கூட்டம் காலை பத்து மணிக்கு. அறுபது பேர் இருக்கும். நான் மூன்றாவது வரிசையில், அண்ணி பக்கத்தில். அவள் புதுப் புடவையில் வந்திருந்தாள்.

அண்ணன் மைக்கைப் பிடித்து நன்றாகத்தான் பேசினான். தகட்டை எடுத்தான். புள்ளியைத் தேடினான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கடைசியில் மரம் கண்ணுக்கு நேராகத் தெரிகிற மாதிரி சொருகிவிட்டு, அரங்க விளக்கை அணைக்கச் சொன்னான்.

திரையில் மரம் தலைகீழாகத் தொங்கியது. பின்வரிசையில் சிரிப்பு. தகட்டை உருவி, முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிப் போட்டான். அப்போதும் தலைகீழ்தான். மறுபடி உருவப் போனான், அதற்குள் தகடு சூடேறியிருந்தது. அவன் “ஸ்ஸ்” என்றது மைக்கில் கேட்டது. தகடு கீழே விழுந்தது.

என்னைப் பார்த்தான். வெளிச்சத்தில் எது கோளாறானாலும் அப்படித்தான் பார்ப்பான், நானும் எழுந்து போவேன். இன்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையிலிருந்து பத்திரிகை ஆசிரியர் எழுந்தார், பேட்டி எடுத்தவரேதான். “லென்ஸ் கவுத்துத்தான் காட்டும் தம்பி, தகட்டைத் தலைகீழா சொருகணும்” என்றார். பிறகு மெதுவாக, “இதைச் செஞ்சவருக்கு அது தெரியாம இருக்குமா?” என்றார்.

அண்ணன் மைக்கைக் கீழே வைத்தான். கூட்டம் முடிந்ததும் ஆசிரியர் நேராக என்னிடம் வந்தார்.

“விரல் கிழிஞ்சது உங்களுக்காம்மா?”

கையை நீட்டினேன். மூன்று தழும்பையும் பார்த்தார்.

மே 12

அப்படி ஒரு தூக்கம். வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்தேன்.

மே 14

கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் கட்டுடன் வந்து நின்றான். “புள்ளி இருந்துச்சே, எங்க போச்சு?”

“கண்டுபிடிச்சவனைக் கேளு” என்றேன்.

மே 15

சட்டத்தைக் காணோம். அண்ணி கழற்றிவிட்டாள் போல. ஆணி மட்டும் இருக்கிறது.

ஜூன் 17

பத்திரிகை வந்தது. என் கையின் படம், டின் படம், இரண்டு பக்கத்துக்கு என் பேட்டி. அண்ணனின் பங்கு என்ன என்று ஆசிரியர் கேட்டதற்கு நான் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் போட்டிருக்கிறார்: “அண்ணனும் கூடமாட ஒத்தாசையா இருப்பான்.”

சட்டம் போட்டு அதே ஆணியில் மாட்டினேன்.

ஜூன் 19

நான் போவதற்குள் கண்ணாடி பளிச்சென்று துடைத்திருந்தது. அண்ணி பத்து மணிக்கு முன்னால் வருவதில்லை. சாவி அவனிடம்தான் இருக்கிறது. உள்ளே கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டான்.

ஒரு நொடி மனசு என்னவோ செய்தது. பரவாயில்லை, துடைக்கட்டும். பதினோரு வருஷத் தூசி.